கண்ணாடி டிரஸ்ட் தலைவர்

அவர் தும்மினால்கூட அதை யாராவது வழிமொழிய வேண்டும் என்று எதிர்பார்ப்பார்.

மிகைப்படுத்தவில்லை. ஒரு நாள் மழையில் நனைந்து வந்து மூன்று தும்மல் தும்மிவிட்டு என்னைப் பார்த்தார். "நூறாயுசு சார்" என்றேன்.

"முன்மொழிஞ்சாச்சு. வழிமொழிய யாரு?" என்று சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"மிளகு கஷாயம் கொதிக்கறது. அதைக் குடிங்கோ, அது வழிமொழியும்" என்று உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது.

மயிலாப்பூரில் குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாடி வைத்த பழைய வீடு. கீழே அவரும் மாமியும். மாடியில் அவருடைய தங்கை. பித்தளைப் பாத்திர வியாபாரம் செய்த அவருடைய அப்பா, கடைசிக் காலத்தில் தனக்குக் கண் மங்கியபோது, கரும்பலகை தெரியாத ஏழைப் பிள்ளைகளுக்கு மூக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கவென்று சொத்தில் ஒரு பங்கை எழுதி வைத்துவிட்டுப் போனார். அதுதான் டிரஸ்ட். மகன், மருமகள், மகள் மூன்று பேரும் அறங்காவலர்கள். மகன் தலைவர். தலைவர் என்றால் சாதாரணத் தலைவர் இல்லை. பல் தேய்க்கும்போதும் தலைவர்.

என் மூக்கில் இருந்ததும் அந்த டிரஸ்ட் கண்ணாடிதான். ஒன்பதாம் வகுப்பில் மனு கொடுத்தேன்; பத்தாம் வகுப்பு அரைப் பரீட்சை முடிந்த பிறகு கண்ணாடி வந்தது. கறுப்பு ஃபிரேமா பழுப்பு ஃபிரேமா என்று மாமிக்கும் தங்கைக்கும் மூன்று கூட்டங்கள் விவாதம் நடந்ததாகப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். முடிவில் சமரசம் ஏற்பட்டு, முன்பக்கம் கறுப்பாகவும் காதில் மாட்டும் பகுதி பழுப்பாகவும் செய்து அனுப்பியிருந்தார்கள். வகுப்பில் சிரித்தார்கள். சிரித்தவர்களின் முகம் எனக்கு அன்றுதான் முதல் முறையாகத் தெளிவாகத் தெரிந்தது. அதனால் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். அப்பா மூன்று சக்கர வண்டியில் ஐஸ்கட்டி ஏற்றிப் போவார். அம்மா சித்தாள். மந்தைவெளிக்குப் பின்னால் கால்வாய்க் கரையில் வீடு. பி.காம். முடித்து, தட்டச்சில் ஹையர் தேறி, வேலை கேட்டு டிரஸ்டுக்குப் போய் நின்றபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்தார். "இது நம்ம சமரசத் தீர்மானக் கண்ணாடி இல்லையோ!" என்றார். அன்றைக்கே என்னைச் செயலாளராக நியமித்தார். என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "செயலாளர் ஒரு வாய் காப்பி சாப்பிடலாமே" என்பார். "செயலாளர் குடை கொண்டு வந்திருக்காரா?" என்பார்.

வீட்டுக்குப் போய், "நான் செயலாளர் ஆயிட்டேன்" என்றேன்.

அம்மா சாந்துச் சட்டியைக் கீழே வைத்தார். "இன்னாடி சொல்ற? எந்தக் கட்சிலடி?"

"கட்சி இல்லம்மா. டிரஸ்ட்."

"அது எந்தக் கூட்டணில கீது?"

அப்பா வண்டிச் சக்கரத்துக்குக் காற்றடித்தபடியே, "வட்டமா மாவட்டமான்னு கேளு" என்றார்.

மறுநாள் காலை வாசலில் நான்கு பெண்கள் காலிக் குடங்களோடு நின்றார்கள். "பாப்பா, நம்ம தெரு பைப்பு நட்டுக்கினு நிக்குது, தண்ணி வர்ல. மேலிடத்துல ஒரு வார்த்தை போட்டு வையேன்." நான் அதைச் சிரிப்புக்காகத்தான் தலைவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில், கால்வாய்க் கரைக் குழாய் குறித்து இந்த டிரஸ்ட் ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறது என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றினார். குழாய் தானாக எப்போதோ சரியாயிற்று. ஆனால் கால்வாய்க் கரையில் இன்றுவரை அது என் சாதனை.

கண்ணாடிகளை வாங்கி வர அவரோடு மந்தைவெளியிலிருந்து தி. நகருக்கு பஸ்ஸில் போவேன். ஒரு முறை, தூறல் விழுந்த நாள், பஸ்ஸில் நெரிசல். ஜன்னலோரம் இரண்டு பெண்களுக்குள் சண்டை. ஒருவர் ஜன்னலைத் திற என்கிறார், ஒருவர் மூடு என்கிறார். தலைவர் எழுந்துவிட்டார்.

"ஒருத்தர் ஒருத்தராப் பேசணும். ரெண்டு தரப்பையும் கேட்டாச்சு. வாக்கெடுப்புக்கு விடறேன். ஜன்னலைத் திறக்கணும்கறவா கையைத் தூக்குங்கோ!"

நின்றுகொண்டு வந்த அத்தனை பேருடைய கையும் ஏற்கெனவே மேலே கம்பியில் இருந்தது.

"பெருவாரியான ஆதரவு" என்று அறிவித்துவிட்டு, எட்டி ஜன்னலைத் திறந்தார். சாரல் நேராகக் கண்டக்டரின் டிக்கெட் கட்டின்மேல் அடித்தது.

"யோவ் பெர்சு! இன்னா பஸ்ஸுல எலெக்‌ஷன் நடத்திக்கினு கீறே? குந்துய்யா!"

"கண்டக்டர் வாக்களிக்கலையே, இப்போ ஆட்சேபிச்சா எப்படி?" என்று அவர் என்னிடம் மெல்லக் கேட்டார். உண்மையான வருத்தம் அது.

கல்யாண வீடுகளில் பந்தி முடிந்ததும் எழுந்து பரிமாறியவர்களுக்கு நன்றியுரை சொல்வார். ரேஷன் கடை வரிசைக்கு ஒரு தற்காலிகத் தலைவரைத் தேர்ந்தெடுக்க முயன்று, வரிசையில் தன் இடத்தை இழந்திருக்கிறார். கத்தரிக்காய் வாங்கலாமா வேண்டாமா என்பதை அடுத்த அமர்வுக்குத் தள்ளிவைத்ததில், கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

இதெல்லாம் வெளியே. உண்மையான கூட்டம் மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்தரைக்கு, சாப்பாட்டு மேசையில் நடக்கும். மேசையைத் தட்ட அவருக்கு ஒரு சுத்தியல் வேண்டியிருந்தது. கிடைக்கவில்லை. மோர் கடையும் மத்தை எடுத்துக்கொண்டார். அதனால் கூட்டம் முடியும்வரை அந்த வீட்டில் மோர் கிடையாது.

நான் முதல் முறை அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமியும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இடையில் ஒரு கை நீளம் இருக்காது. ஆனால் மாமி தலைவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"தலைவர் அவர்களே, நேத்து மாடித் தொட்டி ரொம்பி வழிஞ்சு என் வத்தல் பூரா நனைஞ்சு போச்சு. மாடி உறுப்பினருக்குக் காது நன்னாக் கேக்கறதான்னு விசாரிச்சுச் சொல்லணும்."

தங்கையும் அவரைப் பார்த்தே பதில் சொன்னார். "தலைவர் அவர்களே, மோட்டார் ஸ்விட்ச் கீழாத்துலதான் இருக்குன்னு கீழ் உறுப்பினருக்கு ஞாபகப்படுத்தணும். கை எட்டலைன்னா ஒரு ஸ்டூல் வாங்கித் தர நான் தயார்."

"ஸ்டூலுக்கு நிதி ஒதுக்கீடு இல்லை" என்றார் தலைவர்.

அந்த இரண்டு பெண்களும் பல வருஷங்களாக நேரில் பேசுவதில்லை. சண்டை எதற்கு என்று இருவரிடமும் தனித்தனியே கேட்டிருக்கிறேன். தங்கை ஒரு நவராத்திரிக்கு ஆசையாக ஒரு போலீஸ்காரர் பொம்மை வாங்கிக் கொடுத்தார். மாமி அதைக் கொலுவில் கடைசிப் படியில், பூசணிக்காய்க்குப் பின்னால் வைத்துவிட்டார். "என்னைக் கடைசிப் படில வெச்ச மாதிரிதானே?" என்றார் தங்கை. "போலீஸ்காரனைக் கொண்டுபோய் பெருமாள் பக்கத்துல வெக்கவா? பெருமாள் என்ன திருடினார்?" என்றார் மாமி. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. தங்கை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் உள்ளவர்களையெல்லாம் ஒருவரோடொருவர் பேச வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பேசாமல் இருந்தார்.

ஆனால் கூட்டத்தில் பேசியே ஆக வேண்டும். தலைவர் வைத்த சட்டம் அது: யாராக இருந்தாலும் தலைவரை விளித்துப் பேசலாம், ஒருவரை ஒருவர் விளிக்கக் கூடாது. இந்தச் சட்டம் அவர்கள் இருவருக்கும் வசதியாகப் போயிற்று. கௌரவம் குறையாமல் பேசலாம். நிகழ்ச்சி நிரலில் கடைசியாக 'இதர விஷயங்கள்' என்று ஒன்று வரும். அதில்தான் அந்த வீடே நடந்தது. யாருக்குக் கல்யாணம், யார் வீட்டுப் பிள்ளை அமெரிக்கா போகிறான், கேஸ் சிலிண்டர் எப்போது வரும், எல்லாம் அங்கே. ஒரு மாதம், மாடிக்கு ஒரு ஜாடி ஆவக்காய் அனுப்புவது என்ற தீர்மானத்தை மாமி கொண்டுவந்தார்.

"எதிர்க்கிறேன்" என்றார் தங்கை. "போன தடவை உப்பு ஜாஸ்தி."

இரண்டுக்கு ஒன்று என்று தீர்மானம் நிறைவேறியது. ஆவக்காய் மேலே போனது. அடுத்த மாதம் காலி ஜாடி கீழே வந்தது. கழுவித் துடைத்து, உள்ளே ஒரு வெற்றிலைப் பாக்கோடு.

மற்ற நாள்களில் தலைவர் தூது போக மாட்டார். ஒரு காலத்தில் போய்ப் பார்த்து, இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவராம். "கூட்டத்துக்கு வெளியில நான் தலைவர் இல்லை. வெறும் புருஷன், வெறும் அண்ணன். ரெண்டுக்கும் ஒரு அதிகாரமும் கிடையாது" என்பார்.

இன்னொரு மாதம் தங்கை இதர விஷயங்களில், "தலைவர் அவர்களே, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கறது. இது தகவலுக்கு மட்டும்" என்றார்.

மாமி கையில் இருந்த முருங்கைக்காயை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "தலைவர் அவர்களே, இன்னிலேந்து மாடி உறுப்பினருக்குச் சாப்பாடு மேலயே வரும். இதுக்கு விவாதம் வேண்டாம்."

"எதிர்க்கிறேன்" என்றார் தங்கை.

அன்றிலிருந்து மாமி தினமும் படியேறி, தட்டை வாசலில் வைத்து, கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டு, கதவு திறப்பதற்குள் இறங்கி வந்துவிடுவார். அந்த வயதில் அவ்வளவு வேகமாகப் படி இறங்கும் ஒருவரை நான் பார்த்ததில்லை.

இப்படி எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கண்ணாடிகளைத் தவிர. ஒவ்வொரு மனுவும் ஃபிரேம் நிறத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. சின்னப் பெண்களுக்குக் கறுப்பு கூடாது என்பார் தங்கை. பழுப்பு அழுக்குக் காட்டும் என்பார் மாமி. துணைக்குழு அமைப்பார் தலைவர். துணைக்குழுவிலும் இதே மூன்று பேர்தான்.

ஒரு நாள் திருவான்மியூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை வந்தார். கையில் நாங்கள் அனுப்பிய பெட்டி. மேசைமேல் வைத்தார்.

"இந்தாங்க சார், உங்க கண்ணாடிங்க."

"ஏன், பவர் தப்பாப் போயிடுத்தா?"

"பவர் எல்லாம் சரியாத்தான் இருக்கு. புள்ளைங்கதான் இல்ல. நான் மனு குடுத்தது ரெண்டு வருஷம் முன்னாடி. எல்லாம் ஸ்கூல விட்டே போயிடுச்சுங்க. ஒருத்திக்குக் கல்யாணமே ஆயிடுச்சு."

தலைவர் பெட்டியைத் திறந்து ஒரு கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். "கல்யாணத்துக்குக் கண்ணாடி போட்டுண்டாளா?"

"எதைப் போட்டுக்குவா சார்? அதான் இதோ இருக்கே."

காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். தலைவர் நன்றியுரை சொல்ல எழுந்து, "வருகை தந்த..." என்று தொடங்கிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார். அவர் வாய் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டதை நான் பார்த்தது அன்றுதான்.

டிரஸ்டின் கணக்கைத் தணிக்கை செய்யும் ஆடிட்டர் முன்பே ஒரு யோசனை சொல்லியிருந்தார். தேனாம்பேட்டையில் ஒரு பெரிய அறக்கட்டளை இருக்கிறது. சின்னச் சின்னக் குடும்ப டிரஸ்ட்களின் பணத்தை வாங்கி, அந்தந்தக் குடும்பத்தின் பெயரிலேயே தனி நிதியாக வைத்து, அவர்களே முதலீடு செய்து, அவர்களே தருமத்தையும் நடத்துவார்கள். குடும்பத்தார் ஆலோசனை சொன்னால் போதும். டிரஸ்ட் கலைந்துவிடும், தருமம் நிற்காது. அப்போது அதைக் கேட்டுவிட்டு, "அடுத்த அமர்வுக்கு" என்று தள்ளிய தலைவர், இப்போது தானே போன் செய்து அவர்களை வரச் சொன்னார்.

தேனாம்பேட்டையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கழுத்தில் டை, கையில் பளபளப்பான விளக்க அட்டை. நல்ல பையன். நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டுதான் அவ்வளவையும் சொன்னார்.

"மனு வந்தா அதே வாரம் கண் டெஸ்ட் சார். அடுத்த வாரம் கண்ணாடி. நீங்க எதுக்கும் அலைய வேணாம்."

"சரி."

"ஆடிட்டு, பேங்க்கு, எல்லாம் நாங்க பாத்துக்குவோம்."

"சரி."

"முக்கியமா சார், இந்த மாசாமாசம் மீட்டிங் போடுற தொல்லையே கிடையாது!"

தலைவர் முகம் சுண்டியதைப் பார்த்தேன். இளைஞருக்குத் தெரியவில்லை. காப்பியைக் குடித்தார்.

"இதுல ஆலோசனைக் குழுன்னு போட்டிருக்கே" என்றார் தலைவர், விளக்க அட்டையில் விரல் வைத்து. "அது கூடுமோ?"

"வேணும்னா வருஷத்துக்கு ஒரு தடவை எங்க ஆபீஸ்ல. இல்லாட்டி போன்லயே முடிச்சுக்கலாம் சார்."

"மாசத்துக்கு ஒரு தடவைன்னு போட்டுக்க முடியுமா? இந்த ஆத்துலயே?"

"போடலாம்... ஆனா, எல்லாத்தையும் நாங்கதானே பண்றோம். மாசாமாசம் என்ன சார் பேசுவீங்க?"

"இதர விஷயங்கள்" என்றார் தலைவர்.

இளைஞர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். எங்கள் விதிமுறையில் அதற்கு இடமில்லை சார் என்று அவர் பணிவாகச் சொன்னார். அவர் போன பிறகு தலைவர் வெகுநேரம் மாடிப்படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரஸ்டைக் கலைக்க மூவரும் ஒரே மனதாகச் சம்மதிக்க வேண்டும் என்பது அவர் அப்பா எழுதிவைத்த விதி. அதற்காகக் கடைசிக் கூட்டம் கூடியது. கையெழுத்து வாங்க தேனாம்பேட்டை இளைஞரும் வந்து, ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். தலைவர் தீர்மானத்தை வாசித்தார். வாக்கெடுப்புக்கு விட்டார்.

"எதிர்க்கிறேன்" என்றார் மாமி.

"நானும் எதிர்க்கிறேன்" என்றார் தங்கை.

மத்து அவர் கையிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது. அந்த இருவரும் ஒரே பக்கம் வாக்களித்ததை அந்த மேசை கண்டதேயில்லை.

"காரணம் சொல்லணும்" என்றார்.

மாமி முந்தானையைச் செருகிக்கொண்டார். "தலைவர் அவர்களே, இது நின்னு போச்சுன்னா, மாடில இருக்கறவாளுக்கு உடம்பு படுத்தினா எனக்கு எப்படித் தெரியும்? யார் சொல்லுவா?"

"தலைவர் அவர்களே" என்றார் தங்கை, "கீழ இருக்கறவாளுக்கு ரத்தக் கொதிப்பு. அது ஏறித்தா இறங்கித்தான்னு நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன்?"

"சார், அதை அவங்ககிட்டயே கேட்டுக்கலாமே, எதிர்லதானே..." என்று ஆரம்பித்த இளைஞரை நான்தான் கண்ணால் அடக்கினேன்.

தலைவர் எழுந்து போய் அந்தப் பெட்டியை எடுத்து வந்தார். திருவான்மியூரிலிருந்து திரும்பி வந்த பெட்டி. ஆளுக்கு ஒரு கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். தானும் ஒன்றை மாட்டிக்கொண்டார். பள்ளிப் பிள்ளைகளின் அளவில் செய்த கண்ணாடி, மூன்று பேருக்கும் மூக்கு நுனியில் தொங்கியது.

"காலண்டரைப் படிங்கோ."

மாமி சுவரைப் பார்த்தார். "ஏன்னா! ஆறுமுகனுக்குப் பன்னெண்டு முகம் தெரியறது!"

"தலைவர் அவர்களே, எனக்கு முருகனே தெரியலை" என்றார் தங்கை. "மயில் மாதிரி ஏதோ ஒரு மேகம்."

இளைஞர் சிரித்துவிட்டார். நானும்தான். தலைவர் சிரிக்கவில்லை. "இதைப் போட்டுண்டா நமக்கு இப்படித் தெரியறது. இதைப் போட்டுக்காததால அந்தக் குழந்தைகளுக்கு போர்டு இப்படித் தெரிஞ்சுது. ரெண்டு வருஷம். நாம இங்க உக்காந்துண்டு கலர் பேசிண்டிருந்தோம்."

தங்கை கண்ணாடியைக் கழற்றாமலே தீர்மானத்துக்கு ஆதரவாகக் கையை உயர்த்தினார். மாமி அதைப் பார்த்துவிட்டுத் தானும் உயர்த்தினார். தலைவர் தன் கையை உயர்த்த மறந்துபோய், நான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

கையெழுத்துகள் ஆயிற்று. ஒப்படைக்க வேண்டியவற்றைத் தலைவர் இளைஞரிடம் வாயாலேயே சொன்னார்: "வங்கி வைப்பு, மர பீரோ ஒண்ணு, செயலாளர் ஒருத்தர்." செயலாளரை ஏற்றுக்கொள்ள விதி இருக்கிறதா என்று இளைஞர் யோசித்தார். செயலாளர் இல்லாமல் பீரோ வராது என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தேனாம்பேட்டையில் எனக்கு வேலை கிடைத்தது அப்படித்தான். பீரோவைத்தான் அங்கே எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார்கள்.

கடைசியாகக் கூட்டத்தை முடிக்க மத்தை எடுத்தார். "இத்துடன் கூட்டம்..." என்றார். நின்றார். மனைவியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"...அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமைக்கு ஒத்திவைக்கப்படுகிறது." ஒரே தட்டு.

இளைஞர் எழுந்துவிட்டார். "சார், டிரஸ்ட்டே கலைஞ்சிடுச்சே! அப்புறம் ஏது சார் கூட்டம்?"

"கூட்டம் ஆரம்பிச்சபோது டிரஸ்ட் இருந்துதோல்லியோ?"

"இருந்துச்சு சார்."

"ஆரம்பிச்ச கூட்டத்தை இன்னும் முடிக்கலையே. டிரஸ்ட்தான் முடிஞ்சுது."

ஆடிட்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று இளைஞர் போனார். இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்த மாதங்களில் நான் தேனாம்பேட்டை ஊழியராகவும் ஞாயிற்றுக்கிழமைச் செயலாளராகவும் இருந்தேன். நிகழ்ச்சி நிரலில் ஒரே ஓர் அம்சம்தான், இதர விஷயங்கள். ஆனால் பேச்சு முன்போல ஓடவில்லை. சண்டை போட ஃபிரேம் இல்லாததால் விஷயங்களும் வற்றத் தொடங்கின. ஒரு மாதம் மாமி ஒன்றுமே சொல்லவில்லை. அதற்கடுத்த மாதம் தங்கை, "தகவல் ஏதுமில்லை" என்றார். தலைவர் மத்தைக் கையில் உருட்டியபடி இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார். தன்னுடைய உபாயம் தோற்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்தது.

அந்த மழைக்காலத்தில் எங்கள் அலுவலகம், பொறுப்பேற்ற நிதிகளைப் பற்றி ஓர் அழகான இதழ் வெளியிட்டது. கண்ணாடி நிதிக்கு ஒரு முழுப்பக்கம். திருவான்மியூர்ப் பள்ளியில் பிள்ளைகள் புதுக் கண்ணாடியோடு வரிசையாக நிற்கும் படமும் அதில் இருந்தது. எனக்குப் பெருமை. அச்சகத்திலிருந்து வந்த ஈரம் காயாத பிரதியை ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போய்த் தங்கையிடம் கொடுத்தேன்.

அவர் பக்கத்தைப் புரட்டினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து மாமி எட்டி, இதழைத் தன் பக்கம் இழுத்தார்.

மேலே தலைவரின் படம். அவர் அப்பாவின் படம் போக வேண்டிய இடத்தில், அப்பாவின் ஜாடையில் இருந்த இவருடைய படத்தைப் போட்டுவிட்டார்கள். சுற்றிலும் மல்லிகை மாலை வரைந்து, அடியில் 'நிறுவனர், அமரர்' என்று கொட்டை எழுத்தில்.

மாமியின் கை தாலிக்குப் போனது. அவரே இரண்டடி தூரத்தில் மத்தோடு உட்கார்ந்திருக்கிறார் என்பது அந்த நொடியில் மாமிக்கு உறைக்கவில்லை.

"மன்னி!" என்றார் தங்கை. மேசையைச் சுற்றி வந்து மாமியின் தோளைப் பிடித்துக்கொண்டார். "மன்னி, பயப்படாதீங்கோ! தப்பாப் போட்டிருக்கா, அவ்வளவுதான். இப்படிச் சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு சொல்லுவா."

"அப்படியா சொல்றே?"

"ஆமாம் மன்னி. எங்க எக்ஸ்சேஞ்சுல ஒருத்தருக்கு ரெண்டு தடவை தந்தி வந்துது. இன்னும் குத்துக்கல்லாட்டம் இருக்கார்."

மாமி மூச்சு விட்டார். இதழை மறுபடி கையில் எடுத்தார். தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். "ஆனா, படம் நன்னாருக்கு பாரேன்."

"அதைத்தான் சொல்ல வந்தேன். உயிரோட இருக்கறச்சே அண்ணா இவ்வளவு களையா இருந்ததே இல்லை."

"மாலையும் எடுப்பா இருக்கு."

"எழுத்துகூட எவ்வளவு பெரிசு!"

தலைவர் மத்தால் தட்டினார். "ஒழுங்குப் பிரச்சினை! உறுப்பினர்கள் தலைவர் வழியாத்தான்..."

"அமரரெல்லாம் கூட்டத்துல பேசப்படாது. சித்த சும்மா இருங்கோ" என்றார் மாமி. தங்கை சிரித்த சிரிப்பில் மேசை குலுங்கியது. மாமி, "இங்கயே உக்காரேன், மூச்சு வாங்கப் போறது" என்று அவரைத் தன் பக்கத்து நாற்காலியில் இழுத்து உட்கார வைத்தார்.

என் அலுவலகம் செய்த தவறு. நான் தலைவர் பக்கம் குனிந்து, "மன்னிச்சுடுங்க சார். நாளைக்கே சொல்லி, அடுத்த இதழ்ல திருத்தம் போட வைக்கிறேன்" என்றேன்.

அவர் மத்தை ஓசைப்படாமல் மேசைமேல் படுக்க வைத்தார். எதிரே இரண்டு தலைகளும் ஒரே பக்கத்தின்மேல் கவிழ்ந்து, ஏதோ ஒரு பழைய உறவுக்காரரின் சாவைப் பற்றி ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து பேசிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தபடியே என் காதருகில் வந்து, அவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"அவசரப்படாதீங்கோ, செயலாளர். இன்னும் ரெண்டு மூணு இதழுக்கு நான் இப்படியே செத்துப் போயே இருக்கேன்."